கரிசல் வட்டார உழைக்கும் மகளிரின் சாதனைகளும் மதிப்பளிப்பு மரபுகளும்

ஆய்வுச் சுருக்கம்

கோவில்பட்டியை நடுவமாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தில் விதைகாப்பு, பேறுகாலப் பணி, வாய்மொழிப் பாடல், தொழிற்கூட உழைப்பு ஆகிய துறைகளில் அடித்தள மகளிர் ஆற்றிய பணிகள் பெரியன. அப்பணிகள் எவ்வெவ்வகையில் போற்றப்பட்டன, எவ்விடத்தில் அப்போற்றுதல் குறைவுபட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சங்கத் தொகையாசிரியர்கள் அடித்தளப் பெண்பாற் புலவர்களின் பெயர்களைக் காத்தளித்தமையும், பிற்கால நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் பலவற்றில் பாடிய பெண்களின் பெயர் இடம்பெறாமையும் ஒப்புநோக்கப்பெறுகின்றன. ஆஸ்திரேலியத் தொல்குடிப் பெண்டிரைப் போற்றும் முயற்சிகள் ஒப்புமைக்காகச் சுட்டப்பெறுகின்றன. தமிழ்த்துறைகளின் களஆய்வு நெறி மேற்கொள்ள வேண்டிய மாற்றங்கள் இறுதியில் முன்வைக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: கரிசல், அடித்தள மகளிர், நடுகல், சுமைதாங்கி, ஒப்பாரி, தகவலாளர், தொல்குடி

1. முன்னுரை

ஒரு சமூகம் எவரை, எதற்காக, எவ்வாறு போற்றுகிறது என்பதைக் கொண்டு அச்சமூகத்தின் மதிப்பீடுகளை அறியலாம். தமிழ் மரபில் போற்றுதலுக்கென வகுக்கப்பட்ட வடிவங்கள் பல. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுதல், வள்ளலுக்குப் பாட்டிசைத்தல், தெய்வமானவளுக்குக் கோயில் எடுத்தல் ஆகியவை அவற்றுள் சில. இவ்வடிவங்களுக்குள் அடங்காத சாதனைகளும் உள்ளன. நாள்தோறும் நிகழ்வன, ஊர் முழுவதும் பயன்கொள்வன, ஆயினும் நிகழ்ச்சியாகக் கருதப்படாதன அவை. கரிசல் வட்டார உழைக்கும் மகளிரின் பணிகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சார்ந்தவை.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர், அருப்புக்கோட்டை, சங்கரன்கோவில் முதலிய பகுதிகளை உள்ளடக்கிய கரிசல் நிலம் மானாவாரி வேளாண்மையை நம்பியது. வடகிழக்குப் பருவமழையே அதன் வாழ்வாதாரம். சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி, மிளகாய், பருத்தி ஆகியவை அங்கு விளைவன. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி, பூமணி, சோ. தர்மன் முதலியோரின் எழுத்துகளால் இந்நிலம் தமிழ் இலக்கியத்தில் தனி அடையாளம் பெற்றது. அவ்வெழுத்துகளுக்கு ஊற்றாக அமைந்த வாய்மொழி மரபைச் சுமந்தவருள் பெண்களின் பங்கு பெரிது. அப்பெண்களுள் மிகப் பலரின் பெயர்களை இன்று நாம் அறியோம். அறியாமைக்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஒப்புமையும் அதன் எல்லையும்

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சூலைத் திங்களில் நைடாக் வாரம் கொண்டாடப்பெறுகிறது. தொல்குடியினரின் வரலாற்றையும் பண்பாட்டையும் சாதனைகளையும் போற்றும் விழா அது. 2018ஆம் ஆண்டு அவ்விழாவின் கருப்பொருள் தொல்குடிப் பெண்டிரை முன்னிறுத்தியது. பெண்ணின் முயற்சியாலேயே நம்மால் இயல்கிறது என்னும் பொருள்பட அதன் முழக்கம் அமைந்தது. தலைவர்கள், கலைஞர்கள், களப்பணியாளர்கள் ஆகியோருடன் குடும்பத்தையும் மொழியையும் காத்த மூதாட்டியரும் சேர்த்தே போற்றப்பட்டனர்.

கரிசல் சமவெளியில் பட்டியல் பழங்குடியினர் தொகை மிகக் குறைவு. மேற்கே திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் பளியர் வாழ்கின்றனர். பொதிகை மலைப்பகுதியில் காணிக்காரர் வாழ்கின்றனர். சமவெளியின் உழைக்கும் மகளிரை இனவரைவியல் நோக்கில் ஆஸ்திரேலியத் தொல்குடியினரோடு ஒன்றாக வைத்தெண்ணுதல் பொருந்தாது. ஒப்புமை வேறோரிடத்தில் உள்ளது. நிலத்தோடு மிக நெருங்கிய உறவுடையோர், அந்நிலத்தின் எழுத்து வரலாற்றில் கடைசியாக இடம்பெறுகின்றனர் அல்லது இடம்பெறாமலே போகின்றனர். அவ்வரிசையிலும் பெண்கள் இறுதியில் நிற்கின்றனர். இந்நிலை இரு நிலங்களுக்கும் பொதுவானது. இக்கட்டுரையில் ஒப்புமை இவ்வளவில் நிறுத்தப்பெறுகிறது.

3. தொகையாசிரியர் காத்த பெயர்கள்

அடித்தளப் பெண்களின் பெயரைக் காப்பது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 157ஆம் பாடலை இயற்றியவர் குறமகள் இளவெயினி. அவர் தம் நிலத் தலைவனாகிய ஏறைக்கோனைப் பாடினார். நற்றிணை 357ஆம் பாடல் குறமகள் குறியெயினியின் பெயரில் அமைந்துள்ளது. புறநானூற்றின் 66ஆம் பாடலைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், வெற்றி பெற்ற கரிகாலனின் முன்னிலையிலேயே தோற்று வடக்கிருந்த மன்னனின் புகழை உயர்த்திப் பேசினார். ஒருவர் மலைவாழ் குடியினர், மற்றொருவர் மட்கலம் வனையும் குடியினர்.

இப்பெயர்கள் நமக்குக் கிட்டியமை தற்செயலன்று. பாடலைத் தொகுத்தோர் பாடியவரின் பெயரையும், அவருடைய குடி அல்லது ஊர்ப் பெயரையும் பாடலோடு பிணைத்து வைத்தனர். இயற்பெயர் தெரியாதவிடத்துத் தொழிலும் ஊருமாவது குறிக்கப்பட்டன. வெண்ணிக் குயத்தியார் என்னும் பெயரில் ஊர் உண்டு, தொழில் உண்டு, மதிப்புப் பன்மையும் உண்டு. பாடல் பொதுச்சொத்தாகிய பின்னரும் பாடியவர்க்குரிய இடம் காலியாகவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கால ஓலைவழிப் பயணத்தைக் கடந்து அப்பெயர்கள் நிலைத்தன என்பது தொகுப்புநெறியின் வலிமைக்குச் சான்றாகும்.

போற்றுதலின் முறைமை குறித்துச் சிலப்பதிகாரமும் ஒரு குறிப்பைத் தருகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் முதலிய துறைகள் வீரனுக்குரியன. அவற்றையே இளங்கோவடிகள் கண்ணகிக்கு உரியனவாக்கி வஞ்சிக்காண்டத்தின் காதைகளை அமைத்தார். ஆயினும் அக்காண்டம் தொடங்குவது அரசன் செயலாலன்று. வேங்கை மரநிழலில் கண்ணகியை முதலில் கண்டவர் குன்றக் குறவர். அவளைத் தம் குலதெய்வமாகக் கொண்டு முதலில் குரவை அயர்ந்தவரும் அவர்களே. அவர்கள் கூறக் கேட்ட பின்னரே சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்தான். முதலில் சமூகம் உணர்கிறது, பின்னர் அரசு கல்நடுகிறது. சிறப்பளிப்பின் இவ்வரிசை பின்வரும் பகுதிகளில் மீண்டும் நினைவுகூரத் தக்கது.

4. பெயரின்றிப் பதிவானோர்

கரிசல் வட்டாரத்தின் பெண்வீரம் ஒன்றை எழுத்தில் பதிவு செய்தவர் ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1801ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் பங்குகொண்ட அவர், தம் போர் நினைவுகளை 1830இல் நூலாக வெளியிட்டார். கோட்டை வீழ்ந்தபின் ஊமைத்துரை காயமுற்றுக் களத்தில் வீழ்ந்து கிடந்தார். அண்மைச் சிற்றூர்ப் பெண்கள் தம் உறவினரின் உடல்களைத் தேடி வந்தனர். அவர்களுள் ஒரு தாய், உயிர் பிரியும் நிலையில் இருந்த தன் மகனைக் கண்டாள். அவனோ தன்னை விடுத்து, அருகில் கிடந்த தலைவனைக் காக்குமாறு தாயை வேண்டினான். அவளும் உடன்வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தம் ஊருக்குச் சுமந்து சென்றனர். தேடிவந்த எட்டயபுரத்தார் படையினர் ஊருக்குள் நுழைந்தபோது, பெண்கள் அவர் உடலைத் துணியால் மூடி ஒப்பாரி வைத்தனர். வைசூரி கண்டு இறந்தவன் என்று கூறினர். நோய்க்கு அஞ்சிய படையினர் விலகியோடினர்.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, இங்கு ஒப்பாரி உயிர்காக்கும் கருவியாகிறது. இறப்பு வீட்டில் பெண்களுக்கு மட்டுமே உரியதாக ஒதுக்கப்பட்ட ஒரு கலையை, படைவீரரைத் திருப்பியனுப்பும் உத்தியாக அப்பெண்கள் மாற்றினர். அவர்களின் நுண்ணறிவும் ஒற்றுமையும் ஒருசேர வெளிப்பட்ட கணம் அது. இரண்டாவது, மகனை இழந்து தலைவனைக் காத்த அத்தாயின் பெயர் வெல்ஷின் பதிவில் இல்லை. ஊமைத்துரை பெயர் பெற்றார். படைத்தலைவர்கள் பெயர் பெற்றனர். காத்தவள் ஒரு தாய் என்னும் அளவில் நின்றுவிட்டாள். எதிரியின் எழுத்தில் பெயர் இல்லாமை வியப்பன்று. நம்முடைய பதிவுகளிலும் இதே நிலை தொடர்வதே சிந்திக்கத் தக்கது.

ஊர் மரபு பெண்களை நினைவுகூரவில்லை எனக் கூற இயலாது. தென்மாவட்ட வழித்தடங்களில் காணப்பெறும் சுமைதாங்கிக் கற்கள் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நடப்பெற்றவை. இரண்டு கற்களை நிறுத்தி அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்துவது அதன் அமைப்பு. தலைச்சுமையோடு வருவோர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது அமையும். சுமையோடு இறந்தவளின் நினைவு, வாழ்வோரின் சுமையைத் தாங்குகிறது. நினைவுச் சின்னமும் பொதுநலப் பணியும் ஒன்றாகிய இவ்வடிவம் நாட்டார் சிந்தனையின் உயர்ந்த ஆக்கம் எனலாம்.

சீலைக்காரி அம்மன், தீப்பாய்ந்த அம்மன் முதலிய வழிபாடுகளும் இவ்வட்டாரத்தில் உள்ளன. தீயில் வீழ்ந்தோ வன்முறைக்கு ஆளாகியோ இறந்த பெண் குடும்பத் தெய்வமாகிறாள். அவள் நினைவாகச் சேலை பெட்டியில் வைத்துப் போற்றப்படுகிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரம்’ நாவல் இத்தகைய நினைவுமரபின் தன்மையை நன்கு காட்டுகிறது. குடிபெயர்ந்த மக்களின் வரலாற்றை முதுபெரும் மூதாட்டியாகிய மங்கத்தாயாரு அம்மாளின் வாய்வழியாகவே அந்நாவல் விரித்துரைக்கிறது. ஒரு குடியின் வரலாற்றாசிரியர் பெண்ணே என்னும் உண்மையை நாவலின் கட்டமைப்பே ஏற்கிறது.

எனினும் தெய்வமாக்கும் மரபுக்கு ஓர் எல்லை உண்டு. சுமைதாங்கியும் சீலைக்காரியும் நினைவுகூர்வது பெண்ணின் இறப்பையே. அவள் வாழ்நாளில் அறிந்ததும் ஆக்கியதும் அந்நினைவில் இடம்பெறுவதில்லை. வீரனின் நடுகல் அவன் செய்த செயலைச் சொல்கிறது. பெண்ணின் நினைவுக்கல் அவளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல், பெண்ணைத் தெய்வமாகப் போற்றும் நாடு இது எனக் கூறி அமைதல் ஆய்வுக்குப் பொருந்தாது.

5. உழைப்பினுள் உறைந்த அறிவு

கரிசல் வேளாண்மையில் உழவும் விதைப்பும் பெரும்பாலும் ஆண்களின் பணிகள். களையெடுப்பு, பருத்தியெடுப்பு, கதிரறுப்பு, தூற்றல், விதைகாப்பு ஆகியவை பெண்களின் பணிகள். இவற்றுள் விதைகாப்பு தனித்து நோக்கத்தக்கது. மானாவாரி நிலத்தில் மழை தவறினால் விளைச்சல் மட்டுமன்றி அடுத்த ஆண்டுக்கான விதையும் இல்லாமற்போகும். ஆதலின் விதையைத் தேர்ந்து காப்பது வாழ்வைக் காப்பதற்கு ஒப்பானது.

நன்கு முற்றிய, மணிகள் நிறைந்த கதிரை அறுவடைக்கு முன்பே கண்டு ஒதுக்குதல் முதற்படி. அதனை உலர்த்தி அடுப்படிப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுதல் அடுத்தது. பயறு வகைகளைச் சாம்பலோடு கலந்து, வேப்பிலையோ நொச்சியிலையோ இட்டு மண்கலத்தில் வைத்து வாயை மெழுகி மூடுவர். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்துவர். பெருமளவுத் தானியத்தைக் குலுக்கையில் இட்டுக் காப்பர். ஈரம், வண்டு, வெப்பம் ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்தும் நுட்பங்கள் இவை. எந்த விதை எத்தனை ஆண்டு முளைப்புத்திறன் தாங்கும், எந்த மழைக்கு எதை ஊன்றலாம் என்னும் தீர்மானங்களில் வீட்டு மூதாட்டியின் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

இதே நிலத்தில் 1901ஆம் ஆண்டு கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. கருங்கண்ணிப் பருத்தி, சோளம் முதலியவற்றில் அந்நிலையம் மேம்படுத்தி வெளியிட்ட இரகங்கள் ‘கே’ என்னும் எழுத்தோடும் எண்ணோடும் வழங்குகின்றன. அவ்வெழுத்து கோவில்பட்டியைக் குறிக்கும். மானாவாரி உழவர்க்கு அந்நிலையம் ஆற்றிய பணி போற்றத்தக்கது. இரகத் தேர்வு என்பது வெற்றிடத்தில் தொடங்குவதில்லை. உழவர் வீடுகளில் தலைமுறைதோறும் தேர்ந்து காக்கப்பெற்ற நாட்டு வகைகளே அதற்கு அடிப்படை. ஊருக்கு ஓர் எழுத்துக் கிடைத்தது. தேர்ந்து காத்த கைகளுக்கு ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், நாட்டு வகைகளைக் காத்த உழவரையும் சமூகங்களையும் ஏற்றுப் பரிசளிக்க வழி வகுத்தது. அதன் பயன் பெண்களைச் சென்றடைய, விதைகாப்பில் அவர்களுக்குள்ள பங்கு முறையாகப் பதிவாதல் வேண்டும்.

மகாராட்டிர மாநிலத்தின் மகாதேவ கோலி பழங்குடியைச் சேர்ந்த ரகிபாய் சோமா போபரே நாட்டு விதைகளைத் திரட்டி விதை வங்கி அமைத்தமைக்காக 2020ஆம் ஆண்டு பத்மசிறீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பள்ளிக் கல்வி பெறாத ஒரு பெண்ணின் விதையறிவு அறிவாகவே ஏற்கப்பட்டது என்பதே அதன் சிறப்பு. கரிசலின் குலுக்கைகளைக் காத்த பெண்களும் செய்தது இதுவே.

வேளாண்மை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் குடும்பங்களைத் தாங்கியது தீப்பெட்டித் தொழில். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கிய இத்தொழில், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் பரவியது. மக்கள் வழக்கில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும் அவ்விடங்களில் குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், பெட்டி அடைத்தல் ஆகியவற்றைச் செய்தோர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும் ஆவர். கூலி எண்ணிக்கைக்கே உரியது. எண்ணிக்கையேட்டில் அடைத்த பெட்டிகள் குரோசுக் கணக்கில் பதிவாயின. ஒரு குரோசு என்பது 144 பெட்டிகள். பள்ளி செல்ல வேண்டிய வயதில் அங்கு அமர்ந்த சிறாரின் வாழ்வைப் பூமணி தாம் இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படத்தில் காட்டினார். இத்தொழிலில் பெண்களின் கைவேகத்தைப் பாராட்டுவோர் அவ்வேகத்தின் விலையையும் சேர்த்தே எண்ண வேண்டும். இழப்பை மறைக்கும் பாராட்டு மதிப்பளிப்பாகாது.

2020ஆம் ஆண்டு கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரும் பொருளின் பெயரும் சட்டப் பாதுகாப்புப் பெற்றன. பொருளுக்கும் இடத்துக்கும் மதிப்பளிக்கும் வழிகளைக் கண்டறிந்த நாம், கைகளுக்கு மதிப்பளிக்கும் வழிகளை இன்னும் தேடவேண்டியவர்களாகவே உள்ளோம்.

6. பாடியவரும் தொகுத்தவரும்

தாலாட்டு, கும்மி, களையெடுப்புப் பாட்டு, ஒப்பாரி ஆகியவை பெண்களின் படைப்புகள். பெர்சி மாக்குவின் திரட்டிய பாடல்கள் கி.வா. ஜகந்நாதனின் பதிப்பாக 1958இல் ‘மலையருவி’ என்னும் பெயரில் வெளிவந்தன. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வெளிவந்தது. கரிசல் வட்டாரத்தில் எஸ்.எஸ். போத்தையா முதலியோர் ஊர் ஊராகச் சென்று பாடல் திரட்டினர். இம்முன்னோடிகளின் உழைப்பு இல்லையெனில் அப்பாடல்களுள் பெரும்பகுதி அழிந்திருக்கும். ஆயினும் தொடக்கக்காலத் தொகுப்புகள் பலவற்றில் தொகுத்தவரின் பெயர் நிலைத்ததுபோல் பாடியவரின் பெயர் நிலைக்கவில்லை.

இதற்குக் கோட்பாட்டுக் காரணம் ஒன்றுண்டு. நாட்டுப்புறப் பாடல் என்பது ஆசிரியர் பெயர் அறியப்படாதது, கூட்டுப்படைப்பு என்னும் வரையறை அக்காலத்தில் பொதுவாக ஏற்கப்பட்டிருந்தது. அவ்வரையறை தாலாட்டின் பொது வாய்பாடுகளுக்குப் பொருந்தலாம். ஒப்பாரிக்கு முழுமையாகப் பொருந்தாது. ஒப்பாரி பாடுபவள் மரபுத் தொடர்களைக் கையாண்டாலும், இறந்தவரின் வாழ்வையும் தன் உறவின் தன்மையையும் தன் குறைகளையும் அவ்விடத்திலேயே யாத்துப் பாடுகிறாள். பிறந்தகத்தார் முன்னிலையில் புகுந்தகத்துக் கொடுமையைப் பாட்டாக்கி உரைக்கும் துணிவும் அதிலுண்டு. அவள் அப்பாடலின் ஆசிரியை. பெயரை எவரும் கேட்கவில்லை என்பதனால் மட்டுமே பாடல் ஆசிரியரற்றதாகிவிடாது.

பல்கலைக்கழக ஆய்வேடுகள் இந்நிலையை ஓரளவு சரிசெய்தன. பெயர், வயது, ஊர், சாதி, தொழில் ஆகிய விவரங்களோடு பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ சேர்க்கும் வழக்கம் நிலைபெற்றது. ஆயினும் ‘தகவலாளர்’ என்னும் சொல்லே ஆய்வுக்குரியது. தகவல் தருபவர் வேறு, படைப்பவர் வேறு. அறுபது பாடல்களை நினைவில் தாங்கி, அவற்றை இடமறிந்து மாற்றிப் பாடவல்ல ஒரு மூதாட்டியை வழிகாட்டும் ஊர்க்காரரோடு ஒரே பட்டியலில் வைப்பது அவருடைய புலமையைக் குறைத்தெண்ணுவதாகும். பாடல் ஒரு பக்கத்திலும் பாடியவர் பெயர் பின்னிணைப்பிலும் பிரிந்து நிற்பதால், அப்பாடல் அடுத்த நூலில் எடுத்தாளப்படும்போது பெயர் உதிர்ந்துவிடுகிறது. குறமகள் இளவெயினியின் பெயரைப் பாடலோடு பிணைத்த தொகையாசிரியர் இத்தவற்றைச் செய்யவில்லை.

வானொலி இவ்வகையில் ஒரு மாற்றத்தை விளைவித்தது. சிவகங்கை வறள்நிலத்தைச் சேர்ந்த கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடினார். 1985இல் வெளிவந்த ‘ஆண்பாவம்’ திரைப்படத்தில் நடித்தும் பாடியும் புகழ்பெற்றார். கலைமாமணி விருதும் பெற்றார். ஊர்ப் பெயரும் இயற்பெயரும் இணைந்த அவருடைய பெயரமைப்பு வெண்ணிக் குயத்தியாரை நினைவூட்டுவது. பாடலுக்கு முன் பாடுபவரின் பெயர் அறிவிக்கப்பட்டதனாலேயே அப்பெயர் நிலைத்தது.

அட்டப்பாடி இருளர் குடியைச் சேர்ந்த நஞ்சியம்மாவும் இவ்விடத்து நினைக்கத்தக்கவர். ‘ஐயப்பனும் கோசியும்’ என்னும் மலையாளப் படத்தில் தம் தாய்மொழியில் பாடிய பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசியத் திரைப்பட விருது 2022இல் அவருக்கு அறிவிக்கப்பெற்றது. முறைசார் இசைப்பயிற்சி இல்லாதவர்க்கு அவ்விருதை வழங்கலாமா என்னும் வினாவும் எழுந்தது. எது பயிற்சி, எது புலமை என்பதில் நம் அளவுகோல் இன்னும் ஒருபுறம் சாய்ந்தே உள்ளது என்பதை அவ்வினா உணர்த்துகிறது.

7. தம்மைத் தாமே எழுதியோர்

பிறர் பதிவுசெய்யக் காத்திராமல் அடித்தளப் பெண்களே எழுதத் தொடங்கியமை ஒரு திருப்பம். விருதுநகர் மாவட்டப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ 1992இலும் ‘சங்கதி’ 1994இலும் வெளிவந்தன. ‘கருக்கு’ நூலை இலட்சுமி ஓம்சுட்டிராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ‘சங்கதி’யில் இடம்பெறும் பாட்டி ஊரில் நிகழும் பேறுகாலங்களில் துணைநின்றவர், சாதியின் காரணமாக மேல்சாதியார் மட்டும் அவரை அழைப்பதில்லை. மருத்துவமனை எட்டாத காலத்தில் தாயையும் சேயையும் காத்த ஒரு கைத்திறன் அங்கே ஏட்டில் ஏறியது. அக்கைத்திறனை ஏற்க மறுத்த சாதியும் உடன் பதிவாயிற்று.

அந்நூல்கள் பெண்களின் பேச்சுமொழியையே எழுத்துமொழியாக்கின. கரிசல் வட்டார வழக்குகளைக் கி. ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தளித்ததைப் போன்று, பாமா அடித்தளப் பெண்களின் சொல்வழக்கை இலக்கிய உரிமை பெறச்செய்தார். வசவும் நகையும் பழமொழியும் கலந்த அம்மொழி, பெண்களின் எதிர்ப்புக்குரிய வடிவம் என்பதை ‘சங்கதி’ உணர்த்துகிறது.

ஆஸ்திரேலியத் தொல்குடிக் கவிஞர் ஊட்ஜெரு நூனக்கல் (1920–1993) இங்கு ஒப்புநோக்கத் தக்கவர். 1964இல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுதி, ஆஸ்திரேலியத் தொல்குடியினர் ஒருவர் வெளியிட்ட முதற் கவிதை நூலாகும். 1970இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஒரு சிறப்புப் பட்டம் வழங்கியது. வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூற்றாண்டு விழா 1988இல் கொண்டாடப்படவிருந்தமையை எதிர்த்து அப்பட்டத்தைத் திருப்பியளித்தார். கேத் வாக்கர் என்னும் பெயரை விடுத்துத் தம் குடிமரபுப் பெயரை ஏற்றார். போற்றப்படுவோர்க்கு அப்போற்றுதலை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு. எப்பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அவர்களே என்பதை அவர் வாழ்க்கை தெளிவுறுத்துகிறது.

8. அரசின் சிறப்பளிப்பு

மதுரை அருகே புல்லுச்சேரியைச் சேர்ந்த வேளாண் கூலித்தொழிலாளியான சின்னப்பிள்ளை, களஞ்சியம் மகளிர் சேமிப்பு இயக்கத்தை வழிநடத்தியவர். 2001ஆம் ஆண்டு தில்லியில் ‘ஸ்திரீ சக்தி’ விருதினை வழங்கிய தலைமை அமைச்சர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் சின்னப்பிள்ளைக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பெற்றது. ஆயினும் அவரை முதலில் தலைவியாக ஏற்றோர் அவரோடு வயலில் வேலைசெய்த பெண்களே. கந்துவட்டியிலிருந்து மீளச் சிறுசேமிப்பைக் கூட்டிய அப்பெண்களின் நம்பிக்கையே பின்னர் தில்லி மேடையில் வணக்கம் பெற்றது. குன்றக் குரவைக்குப் பின்னரே கால்கோள் என்னும் சிலப்பதிகார வரிசை இங்கும் மெய்யாகிறது.

இதனின்று ஒன்று தெளிவாகிறது. அரசின் விருது ஓராண்டில் ஒருசிலரையே சென்றடையும். பட்டியலில் இடம்பெறுவோர் ஊர் முன்பே உணர்ந்த சிறப்பின் அடையாளங்கள் மட்டுமே. ஊர் உணர்ந்ததை எழுத்தில் பதிவது எவர் கடமை என்னும் வினாவுக்குக் கல்விப்புலமே விடைகூற வேண்டும்.

9. மதிப்பளிப்புக்கான நெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் களஆய்வுக்குரிய சில நெறிகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, பாடலை வெளியிடும்போது பாடியவரின் பெயரும் ஊரும் பாடலுக்கு அடியிலேயே அச்சிடப்பெற வேண்டும்.

இரண்டாவதாக, தகவல் தருவோரையும் படைப்போரையும் வேறுபடுத்த வேண்டும். பாடுவோர், கதைசொல்லிகள், மருத்துவிச்சியர், விதைகாப்போர் ஆகியோரைப் ‘புலமையாளர்’ என்றோ அவர்தம் ஊர் வழங்கும் பெயராலோ குறிக்கலாம்.

மூன்றாவதாக, பெயர் வெளியிடுவதற்கு உரியவரின் இசைவு இன்றியமையாதது. ஒப்பாரியில் குடும்பப் பூசல்கள் வெளிப்படுதல் உண்டு. சிலர் பெயரை மறைக்க விரும்பலாம். ஆஸ்திரேலியத் தொல்குடிச் சமூகங்கள் பலவற்றில் இறந்தோரின் பெயரைக் கூறாதிருத்தல் மரபு. பெயரின்மை உரியவரின் விருப்பமாயின் அது மதிப்பு. ஆய்வாளரின் கவனக்குறைவாயின் அது புறக்கணிப்பு.

நான்காவதாக, ஒலிப்பதிவின் படியும் அச்சிட்ட நூலும் பாடியவர் குடும்பத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கும் சென்றுசேர வேண்டும். அவருடைய பெயர்த்தி தன் பாட்டியின் பெயரை நூலில் காணும் நாளே ஆய்வு நிறைவுறும் நாள்.

ஐந்தாவதாக, தமிழ்த்துறைகளில் முன்னரே திரட்டப்பெற்ற ஆய்வேடுகளையும் ஒலிநாடாக்களையும் மறுஆய்வு செய்து, பின்னிணைப்புகளில் உள்ள பெயர்களைப் பாடல்களோடு மீளப் பொருத்த வேண்டும். நாடாக்கள் சிதைகின்றன, பாடியோரை நேரில் அறிந்தவர்களும் முதுமையுறுகின்றனர். இப்பணியைக் காலம் தாழ்த்தாது தொடங்குதல் வேண்டும்.

10. முடிவுரை

கரிசல் வட்டார மகளிரைப் போற்றும் மரபு மூன்று நிலைகளில் அமைந்துள்ளது. நாட்டார் மரபு பெண்ணின் இறப்பைப் போற்றியது. அவள் அறிவைப் போற்றும் வடிவத்தை அது முழுமையாக வளர்க்கவில்லை. அரசு மரபு ஒருசிலரை உயர்த்தியது. அவர்க்குப் பின்னுள்ள பலரைச் சென்றடையவில்லை. கல்விப்புல மரபு பாடலையும் நுட்பத்தையும் காத்தது. அவற்றுக்கு உரியோரின் பெயரைப் பலவிடத்து இழந்தது. இம்மூன்றனுள் நம் கைக்கு எட்டுவது மூன்றாவதே.

குறமகள் இளவெயினியும் வெண்ணிக் குயத்தியாரும் பெயரோடு நிலைத்தமைக்கு அவர்தம் புலமை ஒரு காரணம். பெயரை எழுதிவைத்த ஒரு கை மற்றொரு காரணம். ஊமைத்துரையைக் காத்த தாய்க்கு அக்கை வாய்க்கவில்லை. இன்று கரிசல் ஊர்களில் பாட்டும் விதையும் மருந்தும் அறிந்த மூதாட்டியர் வாழ்ந்துகொண்டிருக்கின்றனர். அவர்களுக்கு அக்கை வாய்க்குமா என்பது நம் துறைகளின் ஆய்வுநெறியைப் பொறுத்தது.